கடைசி திராக்மாவில் ஒரு கையெழுத்து



இன்றைய பேச்சை ஒரு செல்லாத நோட்டிலிருந்து தொடங்கலாம். கிரேக்க நாட்டின் ஐயாயிரம் திராக்மா நோட்டு. 1997ஆம் ஆண்டுத் தேதியிட்டது. துருக்கியரை எதிர்த்த விடுதலைப் போரின் தளபதி கோலோகோட்ரோனிஸ் பெரிய மீசையோடு அதில் இருப்பார். நாட்டின் மத்திய வங்கியான கிரேக்க வங்கியின் ஆளுநர் போட்ட கையெழுத்தும் இருக்கும். அந்த ஆளுநர் பெயர் லூக்காஸ் பாபதீமோஸ். இன்று அந்த நோட்டை நீட்டினால் ஏதென்ஸில் ஒரு கோப்பைக் காபிகூடக் கிடைக்காது. பழைய நோட்டு சேர்ப்பவர்கள் வேண்டுமானால் வாங்குவார்கள். அதைச் செல்லாமல் ஆக்கி யூரோவைக் கொண்டுவரும் வேலையை முன்னின்று செய்தவரும் அதே கையெழுத்துக்காரர்தான்.

பத்தாண்டு கழித்து, அந்த நோட்டு திரும்ப வந்துவிடுமோ என்று நாடே நடுங்கியது. அதைத் தடுக்கச் சொல்லி அவரையே பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஓட்டுக் கேட்டு ஒரு தெருவில்கூட நடந்திராத மனிதர். அவருடைய பெயரின் பின்பாதியான 'தீமோஸ்' கிரேக்க மொழியில் மக்களைக் குறிக்கும் சொல் என்பதை இங்கே போகிற போக்கில் சொல்லி வைக்கலாம்.

செய்திகளில் அவரைக் காபந்துப் பிரதமர் என்று எழுதினார்கள். காபந்து என்றால், வீட்டுக்காரர் வரும்வரை சாவியை வைத்திருப்பவர் என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். தேர்தல் முடியும்வரை அன்றாடக் கோப்புகளைத் தள்ளிவிட்டு, புதிதாக எதிலும் கைவைக்காத அரசு. பாபதீமோஸ் பதவியில் இருந்தது 2011 நவம்பர் 11 முதல் 2012 மே 16 வரை. ஆறு மாதமும் சில நாளும். அதற்குள், உலகத்தில் அதுவரை எந்த அரசும் செய்திராத அளவுக்குக் கடன் வெட்டு நடந்தது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி குறைந்தது. 13,000 கோடி யூரோ கடனுதவிக்கான ஒப்பந்தம் நிறைவேறியது. சாவியை வைத்திருக்க வந்தவர் சுவரை இடித்துக் கட்டிவிட்டுப் போனார்.

நெருக்கடி வந்தால் வங்கிக்காரரைக் கூப்பிடுவது கிரேக்கத்துக்குப் பழைய பழக்கம். 1941 ஜனவரியில் சர்வாதிகாரி மெட்டாக்ஸாஸ் இறந்ததும் பிரதமரான கோரிஸிஸ், நாட்டின் பெரிய வணிக வங்கியான தேசிய வங்கியின் தலைவர். ஜெர்மன் படை ஏதென்ஸை நெருங்கிக்கொண்டிருந்த ஏப்ரல் 18 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார். மூன்று நாள் கழித்து அந்த இடத்துக்கு வந்த ட்ஸுதெரோஸ், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர். அவர் அரசைத் தூக்கிக்கொண்டு கிரீட் தீவுக்கும் பிறகு எகிப்துக்கும் போக வேண்டியிருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த 1949இல் பிரதமராக இருந்த தியோமீதிஸ், அந்த மத்திய வங்கி 1928இல் தொடங்கியபோது அதன் முதல் ஆளுநர்.

இந்த வரிசையில் சுவையான ஆள் ஸெனபோன் ஸொலோட்டாஸ். மூன்று தடவை ஆளுநராக இருந்தவர். 1967இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பதவியைத் தூக்கிப் போட்டவர். உலக வங்கிக் கூட்டங்களில் 1957இலும் 1959இலும் அவர் ஆற்றிய இரண்டு ஆங்கில உரைகள் இன்றும் பேசப்படுகின்றன. காரணம் பொருளாதாரம் இல்லை. சின்னச் சின்ன இணைப்புச் சொற்களை விட்டுவிட்டால், அந்த உரைகளின் சொற்கள் எல்லாம் கிரேக்க வேரிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே கிரேக்கம் பேசிக் காட்டினார். 1989இல் ஒரே ஆண்டில் இரண்டு தேர்தல் நடந்தும் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, 85 வயதில் அவரை அழைத்து வலது, சோஷலிஸ்ட், இடது மூன்று தரப்பும் சேர்ந்த அரசுக்குத் தலைவராக்கினார்கள். ஐந்து மாதம் இருந்தார். மூன்று மாட்டை ஒரே ஏரில் பூட்டினால் எப்படி உழும்? அடுத்த தேர்தலோடு விலகினார். 2004இல், நூறு வயதில் காலமானார்.

ஆக, பாபதீமோஸுக்கு முன்னோடிகள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் யாரும், தாங்களே கட்டிய வீட்டில் தீ பிடித்தபோது அணைக்கக் கூப்பிடப்பட்டவர்கள் இல்லை.

1947இல் ஏதென்ஸில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. போனார். 1970இல் இயற்பியல் பட்டம், 1972இல் மின்பொறியியலில் முதுகலை, பிறகு அங்கேயே பொருளாதாரத்தில் முனைவர் பட்டம். அணுவிலிருந்து மின்சாரத்துக்கும் மின்சாரத்திலிருந்து பணத்துக்கும் நகர்ந்தவர் என்று சொல்லலாம். எம்.ஐ.டி. பேராசிரியர் பிராங்கோ மோடிகிலியானியோடு சேர்ந்து 1975இல் ஒரு கட்டுரை எழுதினார். வேலையில்லாதோர் விகிதம் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் விலைவாசி ஏறத் தொடங்கும். அந்த மட்டம் எது என்று கணக்கிடலாம் என்பது கட்டுரையின் மையம். அந்தக் கருத்து சற்றே பெயர் மாறி, 'நைரு' என்று பொருளாதாரப் பாடப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. மோடிகிலியானி பின்னால் நோபல் பரிசு வாங்கினார். மாணவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவிட்டு, 1985இல் ஊருக்குத் திரும்பிக் கிரேக்க வங்கியில் தலைமைப் பொருளாதார நிபுணராகச் சேர்ந்தார்.

அப்போது கிரேக்கத்தில் விலைவாசி ஆண்டுக்கு 20 சதவீத வாக்கில் ஏறிக்கொண்டிருந்தது. 1994இல் அவர் ஆளுநரானபோதும் அது 11 சதவீதத்தை ஒட்டியே நின்றது. யூரோவில் சேர வேண்டுமானால் அதை 2, 3 சதவீதத்துக்கு இறக்கியாக வேண்டும். அவர் பிடித்த வழிக்கு 'வலுவான திராக்மா' என்று பெயர். வட்டியை உயர்த்தி வைப்பது, நாணய மதிப்பைச் சரிய விடாமல் பிடிப்பது. நாணயம் சரியாவிட்டால் இறக்குமதிப் பொருளின் விலை ஏறாது. அது ஏறாவிட்டால் கூலி உயர்வுக் கோரிக்கையும் தணியும். ஏற்றுமதிக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனாலும் 1999இல் விலைவாசி ஏற்றம் 3 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. இடையில் 1998 மார்ச்சில், ஐரோப்பிய நாணய மாற்று ஏற்பாட்டில் நுழைவதற்காகத் திராக்மாவின் மதிப்பை ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் செய்தார்கள். இழுத்துப் பிடிக்கத் தெரிந்தவருக்கு எப்போது விட்டுக்கொடுப்பது என்றும் தெரிந்திருந்தது.

2001 ஜனவரி 1 அன்று கிரேக்கம் யூரோவில் சேர்ந்தது. ஒரு யூரோவுக்கு 340.75 திராக்மா என்று கணக்கு. பிரதமர் சிமிட்டிஸின் அரசியல் விருப்பமும் ஆளுநரின் பொறுமையும் சேர்ந்த வெற்றி. அன்று அதைப் பெரிய சாதனையாகவே எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகுதான் கணக்கு வாத்தியார்கள் வந்தார்கள். சேர்வதற்கு அரசின் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 2004இல் கணக்கைத் திருத்திப் பார்த்தபோது, தகுதி பார்த்த ஆண்டிலேயே அது 3 சதவீதத்தைத் தாண்டியிருந்தது தெரிந்தது. 2001இல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியோடு கிரேக்க அரசு செய்துகொண்ட நாணயப் பரிமாற்ற ஒப்பந்தங்கள் கடனின் ஒரு பகுதியைக் கணக்கில் தெரியாமல் மறைத்தன. பற்றாக்குறைக் கணக்கு போடுவது மத்திய வங்கியின் வேலை இல்லை; அது நிதியமைச்சகமும் புள்ளியியல் துறையும் செய்வது. அவர் பொய்க் கணக்கில் கையெழுத்திட்டார் என்று யாரும் நிரூபித்ததில்லை. என்றாலும், எட்டு வருஷம் மத்திய வங்கியின் தலைமையில் இருந்தவருக்கு அரசாங்கத்தின் கைச்செலவு எங்கே போகிறது என்று ஒன்றும் தெரியாது என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஏதென்ஸில் அவரைப் பிடிக்காதவர்கள் கடைசிவரை கேட்ட கேள்வி இதுதான்.

2002 ஜூனில் அவர் பிராங்க்பர்ட் போனார். ஐரோப்பிய மத்திய வங்கியின் துணைத் தலைவர் பதவி, எட்டு ஆண்டு. அந்த எட்டு ஆண்டில் கிரேக்க அரசு ஏறக்குறைய ஜெர்மனி கொடுக்கும் வட்டிக்கே கடன் வாங்கிக் குவித்தது. யூரோ என்ற ஒரே குடையின் கீழ் நிற்பவர்கள் எல்லோரும் சமமான பணக்காரர்கள் என்று கடன் கொடுத்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

2009 அக்டோபரில் ஆட்சிக்கு வந்த ஜார்ஜ் பாபண்ட்ரேயுவின் அரசு, அந்த ஆண்டின் பற்றாக்குறை 12 சதவீதத்துக்கும் மேல் என்று அறிவித்தபோது குடை கிழிந்தது. கடைசிக் கணக்கில் அது 15 சதவீதத்தைத் தாண்டியது. 2010 ஏப்ரலில், துருக்கிக் கரைக்கு எதிரே இருக்கும் காஸ்தெலோரிஸோ என்ற குட்டித் தீவின் துறைமுகத்தில் நின்றுகொண்டு பாபண்ட்ரேயு உதவி கேட்பதாக அறிவித்தார். பின்னால் நீலக்கடல், படகுகள். திவால் செய்தியை இவ்வளவு அழகான இடத்தில் நின்று சொன்ன தலைவர் வேறு யாரும் இருக்க முடியாது. 11,000 கோடி யூரோ வந்தது; போதவில்லை.

2011 அக்டோபர் கடைசியில் யூரோ நாடுகள் கூடி, தனியார் வைத்திருக்கும் கிரேக்கக் கடன் பத்திரங்களின் மதிப்பைப் பாதியாக வெட்டுவது என்று முடிவெடுத்தன. நான்கே நாளில், இதைப் பொது வாக்கெடுப்புக்கு விடப்போகிறேன் என்றார் பாபண்ட்ரேயு. கான் நகரில் ஜி-20 மாநாட்டுக்கு வந்திருந்த ஜெர்மன் பிரதமர் மெர்கலும் பிரெஞ்சு அதிபர் சர்கோஸியும் அவரைக் கூப்பிட்டு, வாக்கெடுப்பு என்றால் யூரோவில் இருப்பதா வெளியேறுவதா என்பதுதான் கேள்வி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். ஊர் திரும்பியவருக்கு நாற்காலி மிஞ்சவில்லை.

அடுத்த பெயரைத் தேடுவதற்குள் கட்சிகள் ஒரு வாரம் படாத பாடு பட்டன. பாபதீமோஸ் பெயர் வந்தது, போனது, நாடாளுமன்றச் சபாநாயகரின் பெயர் வந்தது, அதுவும் போனது. திரும்பவும் பாபதீமோஸ். அவர் குரலை உயர்த்தாத ஆள்தான், ஆனால் நிபந்தனை இல்லாமல் தலையாட்டிவிடவில்லை. இரண்டு பெரிய கட்சிகளின் மூத்த ஆட்களும் அமைச்சரவைக்குள் வர வேண்டும் என்றார். வெளியே நின்று கைகாட்டுவதற்கு அவர்களை விடுவதாக இல்லை.

நவம்பர் 11 அன்று பதவியேற்பு. சோஷலிஸ்ட் கட்சியான பாசோக், வலதுசாரிப் புதிய ஜனநாயகம், இன்னும் வலப்பக்கத்தில் லாவோஸ் என்ற சிறு கட்சி. 1974இல் ராணுவ ஆட்சி விழுந்த பிறகு தீவிர வலதுசாரிகள் அமைச்சர் ஆனது அதுவே முதல் தடவை. நம்பிக்கை வாக்கெடுப்பில் 255 பேர் ஆதரவு, 38 பேர் எதிர்ப்பு. அதே வாரம் இத்தாலியில் மாரியோ மோன்டி என்ற பொருளாதாரப் பேராசிரியர் பிரதமரானார். டெக்னோகிராட்டுகள், அதாவது கட்சி சாராத நிபுணர்கள், வந்துவிட்டார்கள் என்றன பத்திரிகைகள். அதுவும் கிரேக்க வேர்ச்சொல்தான். ஸொலோட்டாஸ் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இனி வருவதுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி. பிராங்க்பர்ட்டில் எட்டு ஆண்டு இருந்த, ஐரோப்பிய நிதியமைச்சர்கள் எல்லோருக்கும் தெரிந்த, அப்பழுக்கில்லாத மனிதரைப் பிரதமராக்கிவிட்டால் பணம் வந்துவிடும் என்று கட்சிகள் கணக்குப் போட்டன. ஐரோப்பியர்கள் அவருக்குக் கைகொடுத்தார்கள், பாராட்டினார்கள், பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். உங்கள் கையெழுத்து போதாது, கட்சித் தலைவர்கள் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்றார்கள். ஓட்டு வாங்கியவன் கையெழுத்துதான் நாளை நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புதிய ஜனநாயகத் தலைவர் அந்தோனிஸ் சமராஸ், என் சொல்லே போதும், எழுதித் தர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். இரண்டு வாரம் இழுபறி. 800 கோடி யூரோ தவணை நின்றுபோயிருந்தது. நவம்பர் 23 அன்று சமராஸின் கடிதம் போனது. பணம் விடுவிக்க ஒப்புதல் வந்தது. பிப்ரவரியில் அதே நாடகம் இன்னொரு முறை, இன்னும் இரண்டு கடிதங்கள். நோட்டில் கையெழுத்திட்டு ஒரு நாட்டின் பணத்துக்கே மதிப்புக் கொடுத்தவரின் கையெழுத்து, பிரதமர் ஆனபோது ஜாமீன்தாரர் இல்லாமல் செல்லவில்லை.

கட்சிகளுக்கோ அவர் வேறு விதத்தில் தேவைப்பட்டார். கசப்பு மருந்தைத் தனியாகக் கொடுத்த பழி யாருக்கும் வேண்டாம்.

2012 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது கடனுதவி ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில். குறைந்தபட்ச மாதக் கூலி 751 யூரோவிலிருந்து 586க்கு. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 511க்கு. அந்த ஆண்டே 15,000 அரசு வேலைகள் போகும். ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லாத நாட்டில் இது. வெளியே சின்டாக்மா சதுக்கத்தில் பெருங்கூட்டம், கண்ணீர்ப்புகை, பெட்ரோல் குண்டுகள். கடைகள், வங்கிக் கிளைகள் எரிந்தன; ஆட்டிகான் என்ற பழம்பெரும் சினிமாக் கொட்டகையும் எரிந்தது. லாவோஸ் கட்சி இரண்டு நாள் முன்பே கூட்டணியிலிருந்து கழன்றுகொண்டிருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு வாக்கெடுப்பு: 199 ஆதரவு, 74 எதிர்ப்பு. கட்சி முடிவை மீறி ஓட்டுப் போட்டதற்காக நாற்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைப் பாசோக்கும் புதிய ஜனநாயகமும் அன்றிரவே நீக்கின. வேலையின்மைக்கும் விலைவாசிக்கும் உள்ள உறவைப் பற்றி இளம் வயதில் எழுதியவர் அவைக்குள் உட்கார்ந்து எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து கடன் வெட்டு. கிரேக்கர்கள் இதைக் 'கூரெமா' என்றார்கள். முடிவெட்டு என்று பொருள். வெட்டின அளவைப் பார்த்தால் மொட்டை என்ற நம் சொல்தான் சரி. தனியாரிடம் இருந்த பத்திரங்கள் சுமார் 20,600 கோடி யூரோ. முகமதிப்பில் 53.5 சதவீதம் போய்விடும். மீதிக்குக் கொஞ்சம் ஐரோப்பிய நிதியத்தின் குறுகிய காலப் பத்திரம், மற்றதற்கு 2042 வரை நீளும் புதிய கிரேக்கப் பத்திரம். வட்டியையும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூறு ரூபாய் கொடுத்தவருக்குக் கால்வாசிதான் தேறும். சம்மதிக்காதவர்களை என்ன செய்வது? பத்திரங்களில் பெரும்பகுதி கிரேக்கச் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்டவை. எனவே பிப்ரவரியில் ஒரு சட்டம் போட்டார்கள்: வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றால் மீதிப் பேரையும் அது கட்டும். ஆட்டம் பாதியில் இருக்கும்போது விதியை மாற்றுவது. மார்ச் 9 அன்று வேலை முடிந்தது. நாட்டின் கடனில் 10,000 கோடி யூரோவுக்கு மேல் ஒரே வீச்சில் குறைந்தது. மார்ச் 20 அன்று கட்ட வேண்டியிருந்த சுமார் 1,440 கோடி யூரோவும் இந்த வெட்டுக்குள் அடங்கிப்போனது. இல்லாவிட்டால் அன்றே திவால்.

இதில் இரண்டு முரண்களைச் சொல்லாமல் போக முடியாது. பிரதமராவதற்குச் சில வாரம் முன்பு, 2011 அக்டோபரில், பைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழில் பாபதீமோஸ் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். கட்டாயக் கடன் வெட்டு தீர்வாகாது என்பது அதன் வாதம். எழுதிய மை காயுமுன் அதையே நடத்திக் காட்ட வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார். இரண்டாவது, அவர் துணைத் தலைவராக இருந்த ஐரோப்பிய மத்திய வங்கி, தன்னிடம் இருந்த கிரேக்கப் பத்திரங்களை முன்கூட்டியே புதிய வரிசை எண் கொண்ட பத்திரங்களாக மாற்றிக்கொண்டு வெட்டிலிருந்து முழுசாகத் தப்பியது. தப்பாதவர்கள்: கிரேக்க வங்கிகள், ஓய்வூதிய நிதிகள், அரசுப் பத்திரம்தானே என்று சேமிப்பைப் போட்டு வைத்த குடும்பங்கள். சைப்ரஸ் நாட்டு வங்கிகள் வாங்கிய அடியில் அடுத்த ஆண்டு அந்தத் தீவே சாய்ந்தது.

இந்த அமளிக்கு நடுவில் ஒரு தேதி யாரும் கவனிக்காமல் கடந்து போனது. 2012 மார்ச் 1. பெட்டியில், புத்தகத்துக்குள், பாட்டி மெத்தைக்கு அடியில் கிடந்த பழைய திராக்மா நோட்டுகளைக் கிரேக்க வங்கியில் கொடுத்து யூரோவாக மாற்றிக்கொள்ளப் பத்தாண்டு அவகாசம் கொடுத்திருந்தார்கள். அது முடிந்த நாள். திராக்மா திரும்பி வருமா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த மாதத்தில், திராக்மா கடைசியாகச் செத்தது. பாபதீமோஸ் கையெழுத்திட்ட நோட்டுகள் வெறும் காகிதம் ஆனபோது அவரே பிரதமர்.

மே 6 தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். 2009இல் 44 சதவீத ஓட்டு வாங்கிய பாசோக் 13 சதவீதத்துக்கு விழுந்தது. இடதுசாரி சிரிசா 4.6இலிருந்து ஏறக்குறைய 17க்கு ஏறியது. நாஜிக் கொடி சாயலில் சின்னம் வைத்திருந்த பொன் விடியல் கட்சி 7 சதவீதம் வாங்கி 21 இடத்தோடு நுழைந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மறுதேர்தலை நடத்த மட்டும் உச்ச நிர்வாக நீதிமன்றத்தின் தலைவரான பிக்ரமெனோஸைப் பிரதமராக்கினார்கள். அந்தப் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'மனம் கசந்தவர்' என்று பொருள். நாம் காபந்து என்று சொல்வதற்கு முழுக்கப் பொருந்துவது அவருடைய அந்த ஒரு மாத அரசுதான்.

பாபதீமோஸ் கட்சி தொடங்கவில்லை, தேர்தலிலும் நிற்கவில்லை. ஏதென்ஸ் கலைக்கழகத்தின் உறுப்பினராகப் பழைய புத்தக வாழ்க்கைக்குத் திரும்பினார். அவருடைய அரசு நாட்டைக் காப்பாற்றியதா, கடன்காரர்களைக் காப்பாற்றியதா என்று கிரேக்கத்தில் இன்னும் சண்டை போடுகிறார்கள். 2012 மார்ச்சில் திவாலாகி யூரோவிலிருந்து விழுந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பதே சரியாகப் படுகிறது. ஆனால் அந்த வெட்டை 2010இலேயே செய்திருந்தால், வெளிநாட்டு வங்கிகள் பத்திரங்களைத் தள்ளிவிட்டு நழுவும் முன்பே செய்திருந்தால், 586 யூரோக் கூலிக்கு அவசியம் வந்திருக்காது என்பதும் அதே அளவுக்கு உண்மை. அந்த ஆண்டு அவர் பிரதமர் இல்லை. மே மாதக் கடைசி வரை பிராங்க்பர்ட்டில் துணைத் தலைவர்.

2017 மே 25. ஏதென்ஸ் நகரின் நடுவே அவர் கார் போய்க்கொண்டிருந்தது. வயது 69. பின் இருக்கையில் உட்கார்ந்து, வந்திருந்த தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு உறை வெடித்தது. காலிலும் வயிற்றிலும் காயம். உடன் இருந்த இருவருக்கும் காயம். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்த மார்ச்சில் ஜெர்மன் நிதியமைச்சகத்துக்கும் பாரிஸில் இருக்கும் பன்னாட்டு நிதியத்தின் அலுவலகத்துக்கும் கிரேக்கத்திலிருந்து இதே மாதிரி உறைகள் போயிருந்தன. முன்னாள் பிரதமரின் கார் கவசத் தகடு போட்டது, வெளியிலிருந்து சுட்டால் குண்டு உள்ளே வராது. உறை அவர் கையில் இருந்தது.